என் பேத்தி டாக்டருக்குப் படிக்கவில்லை

அன்பானவர்களே, முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் செய்த நன்மையை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

போன ஐப்பசி அடைமழையில் என் பக்கத்து வீட்டுச் சவரிமுத்துவுக்கு நெஞ்சில் எரிச்சல் கண்டது. இடது தோள் வரை இழுத்துப் பிடித்தது. அதற்கு வைத்தியம் சொன்னவன் நான். நான் மருத்துவன் அல்ல. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி அமலி பன்னிரண்டாம் வகுப்பில் நிறைய மதிப்பெண் எடுத்தாள். மருத்துவம்தான் படிப்பாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவளோ ஜப்பானில் ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, உதவித்தொகையும் வாங்கி, லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போய்விட்டாள். வரலாறு, தத்துவம், இசை, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் படித்துப் பார்க்கலாம், எது முதன்மைப் பாடம் என்று பிறகு முடிவு செய்தால் போதும் என்றாள். எனக்கு அது ஏறவே இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத்தான் மூன்றாம் குரூப்பில் சேர்த்தேன். இவனுக்கு வரலாறு போதும் என்று, அந்தப் பிள்ளை நிற்கும்போதே பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது என் வீட்டுப் பிள்ளையே அதைக் கேட்டு வாங்கிப் படித்தால் எப்படி வெளியே சொல்வது?

ஊரில் கேட்டவர்களிடம், வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்றேன். அதோடாவது நின்றிருக்கலாம். ஞாயிறு பூசையில் யாருக்காக மன்றாட வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுத்தபோதும் அப்படியே சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் மருத்துவம் பயிலும் அமலிக்காக என்று ஃபாதர் பீடத்தில் நின்று வாசித்தார். என் பொய்க்காகப் பங்குக் கோயிலே மன்றாடியது. எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று நானும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன்.

அதனால்தான் நெஞ்சு எரிச்சல் கண்ட அன்று மாலை சவரிமுத்துவின் மனைவி லூர்துமேரி என்னைத் தேடி வந்தாள்.

"இவரு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாரு சார். நம்ம அமலி பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்கிறேன் என்று உள்ளே போனேன். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போனைத் தொடவில்லை. வெளியே வந்து, வாயுவாகத்தான் இருக்கும், சுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறாள் என்றேன். அவள் கைகூப்பிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஜெபமாலையை எடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது மாதாவே என்று கெஞ்சினேன். நான் வாய் திறக்காமலே அவர் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கெஞ்சலின் அர்த்தம். அது எனக்கே தெரிந்தது. மணிகள் விரலில் நகரவில்லை. கடைசியில் ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு, உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விடச் சவரிமுத்து மண்வெட்டியோடு கிளம்புவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை. சேற்றில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டாக்டருக்குப் படிக்கவில்லை, நான் அவளிடம் கேட்கவுமில்லை என்றேன். அவர் சிரித்தார்.

"போங்க சார். என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு லூர்து சொல்லிக்கொடுத்து அனுப்புனாளா? ஃபாதரே பூசையில வாசிச்சாரு. கோயில்ல பொய்யையா வாசிப்பாங்க?"

என் உண்மையை நம்ப ஆள் இல்லை. என் பொய் அவ்வளவு பலமாக நின்றது. வேறு வழியில்லாமல் அமலியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்து பேசினாள். நான் செய்ததை அவர் காதுபட அவளிடம் சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினாள்.

"மாமா, நான் டாக்டருக்குப் படிக்கலை. உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போங்க. இப்பவே போங்க."

"தண்ணிய வடிய விட்டுட்டுப் போறேன் பாப்பா."

"பயிர் போனா அடுத்த போகம் போட்டுக்கலாம் மாமா."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம்தான் அவள் என்னிடம் கேட்டாள். "நான் படிக்கிறதைச் சொல்ல உங்களுக்கு அவ்வளவு அசிங்கமா தாத்தா?" கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

ஆம்புலன்சில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அந்த நிலையில் வரப்பை வெட்டியிருந்தால் வயலிலேயே முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவரைக் காத்தவர் ஆண்டவர். கொல்லப் பார்த்தவன் நான்.

மருத்துவமனை வராந்தாவில் லூர்துமேரியிடமும் நானே சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அவரு எழுந்து வரட்டும் சார். அப்புறம் உங்ககிட்ட கோவப்படுறேன்."

சொன்னபடியே செய்தாள். அவர் வீடு திரும்பிய மறுநாள், தெருவே கேட்க என்னை ஏசினாள். நின்று வாங்கிக்கொண்டேன். பயிர் பாதிக்கு மேல் அழுகிப்போயிருந்தது. அதைப் பற்றிச் சவரிமுத்து இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எனக்கு லூர்துமேரியின் ஏச்சைவிடக் கனமாக இருக்கிறது.

ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மறுபடியும் பூசைக்குக் கருத்து கொடுத்தேன். வெளிநாட்டில் லிபரல் ஆர்ட்ஸ் பயிலும் அமலிக்காகவும், அவளைப் பற்றிப் பொய் சொன்ன தாத்தாவுக்காகவும் என்று ஃபாதர் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று முதலில் எழுந்த குரல் சவரிமுத்துவுடையது.

அமலி கிறிஸ்துமஸ் வரை என் போனை எடுக்கவில்லை. அன்று அவளே கூப்பிட்டாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. இந்த வாரம் என்ன படித்தாய் என்று கேட்டேன். ரொம்ப நேரம் சொன்னாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. இப்போது வாராவாரம் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்காக மன்றாடுகிறவர்களே, பிள்ளை எப்படி இருக்கிறதோ அப்படியே ஆண்டவர் முன்னால் கொண்டுபோங்கள். நாம் திருத்தி எழுதிய பிள்ளை அவருக்கு வேண்டாம். நீங்கள் வெட்கப்படுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கே செவிகொடுத்தவர் உங்களைத் தள்ளிவிட மாட்டார்.

சென்ற வாரம் லூர்துமேரி வந்தாள். "அந்தப் படிப்பு படிச்சா என்ன சார் ஆவாங்க?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. உட்காரு, அவகிட்டயே கேப்போம்" என்றேன். இந்த முறை போனை எடுத்தேன்.