பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்பது ஊர்

விமானிகள் எப்போதும் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பவர்கள் எங்களோடு ஒரு நாள் வேனில் வந்து பார்க்க வேண்டும். சென்னையில் எங்களை வீடுவீடாக ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் வேன் அது. ஏறி உட்கார்ந்து பையைக் கீழே வைப்பதற்குள் யாராவது ஒருவர், "கேள்விப்பட்டீங்களா?" என்று தொடங்கிவிடுவார். யூனிஃபார்ம் தைக்கும் டெய்லர் கூடுதலாகத் துணி வாங்கினாராம். அப்படியென்றால் ஆள் எடுக்கப் போகிறார்கள். கம்பெனியின் மேலதிகாரி மைசூரில் வீடு பார்க்கிறாராம். அப்படியென்றால் அங்கே விமானிகளுக்குப் புதுத் தளம் வரப் போகிறது, அங்கிருந்தே பறக்கலாம். அவருடைய மகளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றாது, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

வதந்தி இல்லாமல் எங்களால் இருக்க முடியாததற்குக் காரணம் உண்டு. எங்களுடையது சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனி ஒன்றின் பெயரில், அவர்கள் விற்கும் டிக்கெட்டில், ஒன்பது ஊர்களுக்குப் பறக்கிறோம். இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுற்றும் எழுபது சீட் விமானங்கள். பெரிய கம்பெனியின் விமானிகள் விவரமானவர்கள். தங்கள் பிழைப்பில் நாங்கள் கைவைத்துவிடக் கூடாது என்று தங்கள் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தத்திலேயே அணை கட்டிவிட்டார்கள். எங்களிடம் இத்தனை விமானத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஜெட் கூடவே கூடாது. விமானங்களின் எண்ணிக்கை பெருகாவிட்டால் கேப்டன் நாற்காலியும் பெருகாது. நான் நான்கு வருடமாகத் துணை விமானி, எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களில் ஒருவரும் நகரக் காணோம்.

கல்யாணமாகியும் நான்கு வருடம்தான். என் கணவர் சிவகாசியில், விஸ்வநத்தம் போகிற ரோட்டில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் மேனேஜர். நான் சென்னையில் வாடகை வீட்டில். மாதத்தில் ஏழெட்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு ஊருக்கு வருவேன். கேப்டன் ஆக வேண்டும், மதுரையில் தளம் வர வேண்டும், தினமும் வீட்டிலிருந்து வேலைக்குப் போக வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது, ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூட என் கையில் இல்லை.

இந்த நேரத்தில்தான் டெல்லியிலிருந்து இன்னொரு கம்பெனி வேலை கொடுத்துக் கடிதம் அனுப்பியது. சேர்ந்த ஒரு வருடத்தில் கேப்டன் பயிற்சி. சம்மதமா இல்லையா என்று அடுத்ததற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். டெல்லிக்குப் போனால் மாதத்தில் மூன்று நாள் ஊருக்கு வந்தாலே அதிகம். அதைச் சொன்னதும் அவர் முகம் வாடும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று குறுக்கே அடித்தாலும் பதறாத எனக்கு, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இங்கேயே ஏதாவது நல்லது நடந்துவிடும், சொல்லவே வேண்டியிருக்காது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, நானும் பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். அவர் எல்லோருக்கும் பொங்கல் கொடுக்கப் போன சமயத்தில் அவர் மேஜையைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி அச்சடிக்கக் கொடுத்திருந்த காலண்டரின் மாதிரிப் பிரதி அங்கே கிடந்தது. பக்கத்துக்கு ஓர் ஊர். ஆகஸ்டில் மதுரைக் கோபுரம். அதற்கு மேலே, எங்கள் கம்பெனி வண்ணத்தில், வழுவழுவென்று ஒரு ஜெட். மதுரைக்கு நாங்கள் பறப்பதே இல்லை. அப்படியென்றால் ஜெட்டும் வரப் போகிறது, மதுரையில் தளமும் வரப் போகிறது. டிசம்பரில் கன்னியாகுமரி இருந்தது. அங்கே விமான நிலையமே கிடையாது என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

அவரிடம் கேட்கவில்லை. வாடிக்கையாளர் விஷயத்தை வீட்டில்கூடப் பேச மாட்டார், கேட்டால் சங்கடப்படுவார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? என்னோடு அடிக்கடி பறக்கும் கோயம்புத்தூர்க்காரக் கேப்டனுக்குப் போன் போட்டு, "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்ற வழக்கமான பீடிகையோடு சொல்லிவிட்டேன். இரண்டாவது நாள் என் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழு வழியாக எனக்கே வந்து சேர்ந்தது, கண் காது மூக்கெல்லாம் வைத்துக்கொண்டு. ஒப்பந்தக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதாம். பன்னிரண்டு ஜெட் வருகிறதாம். மதுரையில் தளம். கன்னியாகுமரியில் புது விமான நிலையம். "நம்பகமான ஒருவர் ஆவணத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்" என்று கடைசியில் இருந்தது. அந்த நம்பகமான ஒருவர் நான்தான் என்பது எனக்கே மறந்துபோய், அதை இரண்டு தரம் ஆசையாகப் படித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் டெல்லியை மனதிலிருந்து கழுவி ஊற்றிவிட்டேன். மறுப்புக் கடிதம்கூட எழுதி வைத்தாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சந்தோஷம் தாங்காமல் சாயங்காலம் நாலரை மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"எங்க கம்பெனி காலண்டர்ல அந்த மதுரைப் பக்கம் நல்லா இருக்குங்க," என்றேன்.

"அத எப்பப் பாத்த?" என்றவருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. "எடுப்பா இருக்குல்ல? உங்காளுக ஒன்பது ஊர் போட்டோதான் குடுத்தாக. வருசத்துக்குப் பன்னெண்டு மாசம்ல இருக்கு? மிச்சத்துக்கு நாந்தான் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு போடச் சொன்னேன். மதுரைக் கோபுரம் இல்லாம ஒரு காலண்டரா?"

"அப்ப அந்த ஜெட்டு?"

"உங்க பிளேன்ல ரெண்டு காத்தாடி இருக்குல்ல, அது போட்டோல அம்புட்டு நல்லா விழல. சுவத்துல மாட்டுனா ஃபேன் கம்பெனி காலண்டர் மாதிரி இருக்கும்னு டிசைனர் ஜெட்டா மாத்திட்டாரு. இன்னும் உங்காளுக பாக்கவே இல்ல. வேண்டாம்னா எடுத்துருவோம்."

முதலில் எழுந்து வெளியே வந்து கேப்டனைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில், "ஏனுங்க அம்மணி, மேலிடத்துல இருந்து யாராச்சும் மிரட்டுனாங்களா?" என்று கேட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. போனை வைத்துவிட்டேன்.

மணி ஐந்தேகால். திரும்பி உள்ளே போய், டெல்லிக் கடிதத்தைப் பற்றி, ஆறு மணிக் கெடுவைப் பற்றி, ஜெட்டை நம்பி நான் எழுதி வைத்திருந்த மறுப்பைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எம்புட்டு நாளா இது?"

"பன்னெண்டு நாளா."

"இல்லாத பிளேன ஊர் பூராம் சொல்லியிருக்க. இருக்குற வேலைய என்கிட்ட சொல்லல."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். அவர் சாதாரணமாகச் சொன்னார். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவர் என் போனை வாங்கி, அச்சுக்குப் போகிற தாளைப் படிப்பது போல அந்தக் கடிதத்தை வரிவரியாக இரண்டு முறை படித்தார். இங்கே ஆறு மாதம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும், அதற்கும் டெல்லிக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டார்.

"டெல்லியில எங்கன தங்குவ?" என்று கேட்டார்.

"தெரியலங்க."

"ரெண்டு பேருக்கு எடம் இருக்குற மாதிரி பாரு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வடக்கே ஆர்டர் பிடிக்க டெல்லியிலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று முதலாளி வருடாவருடம் இவரைத்தான் கேட்கிறாராம். வருடாவருடம் இவர் மறுத்திருக்கிறார், நான் லீவுக்கு வருகிற வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று. ஐந்தே முக்காலுக்கு, சம்மதம் என்ற இடத்தைத் தொட்டு அனுப்பினேன். மனது லேசாகிவிட்டது.

"நாலு வருசமாக் கேட்டிருக்காக. ஏங்க இத என்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல?" என்று உரிமையோடு சண்டைக்குப் போனேன்.

"சொன்னா எனக்காக நீ மதுரை ஆசைய விட்டுருவ," என்றார். "மதுரை மதுரைன்னு அம்புட்டு ஆசையாப் பேசிக்கிட்டு இருந்த. அந்த மூஞ்சி வாடுறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."