நடக்கிற தூரந்தான்

பாஸ்கலுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்து, அறுபதைத் தாண்டியும், எந்த வண்டியின் ஹேண்டில்பாரையும் அவர் பிடித்ததில்லை. எட்டாவது முடித்த கையோடு மேற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கச் சேர்ந்தார். அவர் வேலையை விட்டு நின்றபோது கல்லாவில் முதலாளியின் பேரன் உட்கார்ந்திருந்தான். வருகிறவர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளைக் கரைமேல் கரை பிசகாமல் மடித்து, யாரும் கையே வைக்காதது போல அடுக்கிவிடுவார். கடையில் அவருக்கு வைத்த பெயர் ‘நடராஜா சர்வீஸ்’. வேதக்காரருக்கு எதற்கு இந்தப் பெயர் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஓசியில கூட்டிட்டுப் போறவரு எந்தச் சாமியா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தாராம்.

வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா கட்டியது. முன்னால் குறுகலான நடை, அதை அடுத்து இரண்டு அறைகள், ஓட்டுக் கூரை. பின்னால் மட்டும் நீளமான கொல்லை, அதில் ஒரு முருங்கை. காலையில் பூசை முடிந்ததும் அப்படியே பூ மார்க்கெட் பக்கம் போவார். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்குவதையும், விலைக்காக ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதையும் நின்று பார்ப்பார். அங்கிருந்து காய்கறிக் கடைகள். சிறுமலைப் பழம் பதமாகக் கனிந்திருந்தால் ஒரு சீப்பு. எந்தத் தெருவில் காலையில் எந்தப் பக்கம் நிழல் விழும், சாயங்காலம் அது எந்தப் பக்கம் மாறும் என்பது அவர் காலுக்கே தெரியும். போக ஒரு தெரு, வர ஒரு தெரு. வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெரிந்தவர் கடைகளில் செத்த நேரம் நின்று பேசிவிட்டு வீடு திரும்புவார். அவருக்கு ஊர் என்பது இதுதான். வேறு பொழுதுபோக்கு எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

யார் எந்த இடத்தைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: "நடக்கிற தூரந்தான்." பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, பெரியாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். கல்லறைத் தோட்டமும் நடக்கிற தூரந்தான் என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னபோது அவர் மனைவி ஜெயமேரி, "அங்க மட்டும் உங்களத் தூக்கிட்டுத்தான போவாங்க" என்றாள்.

தம்பி ஆண்டனிராஜ் மின்வாரியத்தில் இன்ஜினியர். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தது பாஸ்கல்தான். தனக்கு ஓட்டத் தெரியாத சைக்கிளை அவனுக்கு வாங்கிக் கொடுத்து, கடையிலிருந்து வீடு வரை கையால் உருட்டிக்கொண்டே வந்தவர். "என் தம்பி" என்று ஆரம்பித்தால் பாஸ்கல் பேச்சை முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் கால் மாற்றி நின்றுகொள்வார். அந்தத் தம்பி நத்தம் ரோட்டில், நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம், மாடி வைத்து வீடு கட்டினான். கட்டி முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய வீட்டை விற்றுவிடலாம், மாடியில் அண்ணனும் மதினியும் வந்து இருந்துகொள்ளலாம் என்றான்.

தம்பி கேட்டு பாஸ்கல் இல்லையென்று சொன்னதில்லை. "வித்துக்கப்பு" என்றார் உடனே.

ஜெயமேரி அன்று அவரோடு பேசவில்லை. பாஸ்கலுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. இந்தக் காலத்தில் காரில்லாமல் எவன் வீடு வாங்க வருகிறான்? அவர் நினைத்தபடியேதான் நடந்தது. ஆண்டனிராஜ் கூட்டிவந்தவர்களெல்லாம் சந்து முனையிலேயே காரை நிறுத்திவிட்டு, வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வண்டி எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். பாஸ்கல் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினார். தம்பி கேட்டதையும் மறுக்கவில்லை, வீடும் போகவில்லை. இப்படியே தன் காலம் ஓடிவிடும் என்று நம்பினார். "உள்ளுக்குள்ள சிரிக்கிறது எனக்குத் தெரியுது" என்றாள் ஜெயமேரி. "இப்படியே வாயை மூடிக்கிட்டு இருங்க, அது போதும்."

பிறகு ஒட்டன்சத்திரத்திலிருந்து சிவபிரகாஷ் வந்தார். காய்கறிக் கமிஷன் வியாபாரம் செய்பவர். அவரும் காரை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். கொல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு, ஆண்டனிராஜைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, கார் வராத சந்துல வீட்டை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? இதுல மனுசன் எப்படிங்க குடியிருக்கறது?"

பாஸ்கல் நடையில் நின்றிருந்தார். அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். அல்லது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழாயில் தண்ணீர் எப்போதோ ஒரு நாள்தான் வரும்; மழைக்கு ஓடு ஒழுகும். ஆனால் தான் குடியிருக்கும் வீட்டை, தம்பி எதிரிலேயே ஒருவன் இழித்துப் பேசுகிறான். பாஸ்கல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெயமேரி அடுப்படியிலிருந்து கையை ஆட்டித் தடுத்துப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

"ஐயா, செருப்பைப் போடுங்க. செத்த நேரம் என்கூட வாங்க."

அன்றைக்கு பாஸ்கல் காட்டியது போல அந்த ஊரை யாரும் யாருக்கும் காட்டியிருக்க மாட்டார்கள். நிழல் விழும் பக்கமாகவே கூட்டிப்போனார். பூ மார்க்கெட்டைக் காட்டினார், கடைவீதியைக் காட்டினார், பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு குறுக்குச் சந்து வழியாகக் கொண்டுபோய் நிறுத்தினார். சிவபிரகாஷ் வேர்த்து வடிந்தாலும் ஆர்வமாகத்தான் வந்தார். கேள்விகளும் கேட்டார். பூக்காரர்கள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள், ஜவுளி எடுக்க வரும் கிராமத்து ஜனங்கள் எதில் வருகிறார்கள், அவர்கள் வண்டியையெல்லாம் எங்கே நிறுத்துகிறார்கள்? வண்டிக்காரர்கள் மேல் பாஸ்கலுக்கு எப்போதுமே ஓர் இளக்காரம்.

"நிறுத்த எடம் ஏது? வண்டிய வச்சிட்டு ஒரு நிமிசம் நிம்மதியா துணி எடுப்பானா? போலீஸ்காரர் வந்து தூக்கிட்டுப் போயிருவாரு" என்று சிரித்தார். "நமக்கு அந்தத் தொல்லையே இல்ல. நம்ம வீட்டுல இருந்து எல்லாமே நடக்கிற தூரந்தான்."

சிவபிரகாஷும் சிரித்தார். திரும்பி வந்ததும் சந்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கட்டிலும் பீரோவும் உள்ளே வருமா என்று பார்க்கிறார் என நினைத்த பாஸ்கல், தாராளமாக வரும் என்று தாமே சொன்னார்.

"இவர் சொல்றது நெசந்தானுங்க" என்றார் சிவபிரகாஷ் தம்பியிடம். "நடக்கறவங்களுக்கு இது அருமையான எடமுங்க."

அந்த ஒரு வார்த்தையில் பாஸ்கலுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அது குனிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருந்தது. "எல்லாரும் நின்னு விப்பாக. நீங்க நடந்தே வித்துட்டு வந்திருக்கீக" என்றாள் ஜெயமேரி.

போனது போகட்டும், நல்ல குடும்பம் ஒன்று வரப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வருகிறவர்களுக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும். ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றினார். குழாய்க்குப் புது வாஷர் போட்டார். இறுகிப்போயிருந்த கதவுக் கொண்டிகளுக்கு எண்ணெய் விட்டு, விரலால் தள்ளினால் நகரும்படி செய்தார். நடைக்கு இரண்டு கை வெள்ளையடித்தார். வழக்கமாகப் பூக் கொடுக்கும் பெண்ணிடம், புதிதாக வருகிறவர்களுக்கும் முழம் குறையாமல் அளந்து கொடுக்கச் சொல்லிவைத்தார்.

அவர் ஸ்டூல்மேல் ஏறி வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது ஆண்டனிராஜ் வந்தான்.

"எதுக்குண்ணே இந்த வேலையெல்லாம்?"

"வர்றவுக நம்மளப் பத்தி என்னப்பு நினைப்பாக?"

ஆண்டனிராஜ் தண்ணீர் வாங்கிக் குடித்தான். போய்விட்டான்.

நத்தம் ரோட்டு மாடியில் காற்றுக்குக் குறைவில்லை. கீழே இறங்கினால் ரோடு மட்டுந்தான் இருந்தது. கடை கிடையாது, கோயில் மணி கேட்காது, நிழல் என்ற பேச்சே இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் போவதற்கே நாலு வழிச் சாலையைத் தாண்ட வேண்டும். முதல் வாரம் ரோட்டோரம் நடந்து பார்த்தார். புளி மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று காதோரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனதில், வேட்டியெல்லாம் புழுதியாகத் திரும்பினார். தம்பி தங்கமானவன்; எங்கே போக வேண்டுமானாலும் சொல்லுங்கண்ணே, பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். எங்கும் போக வேண்டியதில்லை என்றார் பாஸ்கல். இத்தனை வருஷமும் எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல் போனவர் அவர். சொல்லிவிட்டுப் போவதற்கு அவருக்கு ஓர் இடமும் இல்லை. விற்ற வீட்டு வாசலில் போய் நிற்பதும் அழகில்லை என்று, கோயிலுக்கும் பக்கத்தில் மணிகூட இல்லாத கிளைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஜெயமேரியின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. பழைய கடையில்தான் அவள் பவருக்குச் சரியாகப் போடுவார்கள். ஆண்டனிராஜுக்கும் பேங்கில் வேலை இருந்தது. பாஸ்கல் அவன் பின்னால் உட்கார்ந்து, சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்தார். கடைவீதிக் கூட்டத்தில் புகுந்து வளைந்த பைக், பழகிய மாடு போல அந்தச் சந்துக்குள் திரும்பியது.

வீடு இல்லை. நடை இல்லை, முருங்கை இல்லை. சந்திலிருந்து கொல்லைக் கடைசிச் சுவர் வரை தகரக் கூரை. அதன் கீழே, அவர் சேலை அடுக்குவது போல, இடைவெளி பிசகாமல் பைக்குகள். வாசலில் ஒரு போர்டு. டூ வீலர் ஸ்டாண்டு என்று பெரிதாக. அதற்குக் கீழே, பூ மார்க்கெட், கடைவீதி, பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரம்தான் என்று சிறிதாக.

முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண் ஆண்டனிராஜைப் பார்த்ததும், கேட்காமலே டோக்கனை நீட்டினாள். அவன் வழக்கமாக வருகிறவன் என்று பாஸ்கலுக்குப் புரிந்தது.

"நான் வெள்ளையடிக்கயில உனக்குத் தெரியுமா?"

ஆண்டனிராஜ் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "தெரியும்ணே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பு."

"நான் கூட்டியாந்தவுக எல்லாம் சந்தைப் பார்த்தே ஓடிப் போயிட்டாகண்ணே. நீங்கதான அவரைக் கூட்டிட்டுப் போய் ஊரைக் காட்டுனீக. இங்க வண்டி நிறுத்த எடமில்லன்னு அவருக்குச் சொன்னதே நீங்கதானாம். அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு." பிறகு, இறங்கிய குரலில், "வேற எங்கண்ணே நிறுத்துறது?" என்றான்.

பாஸ்கல் கண்ணாடிக் கடைக்கு நடந்து போனார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் யார் கண்ணிலும் படாமல் திரும்பினார். வீட்டுக்குப் போக அவருக்கு வேறு வழியில்லை. அந்த பைக்கில்தான் போக வேண்டும். ஆண்டனிராஜ் இன்னும் பேங்கிலிருந்து வரவில்லை. தகரத்துக்கு அடியில், நடை இருந்த இடமாகப் பார்த்து நின்றார்.

"டோக்கன் இருக்காய்யா?" என்றாள் அந்தப் பெண்.

"தம்பிகிட்ட இருக்கும்மா."

"அப்ப அவரு வர்ற வரைக்கும் வெளிய நில்லுங்க. வண்டி இல்லாதவுகள உள்ள விடக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு."

அவர் சந்துக்கு வந்தார். அந்த நேரத்துக்கு எதிர்ச் சுவரோரம் நிழல் இருக்கும். இருந்தது. அதில் ஒதுங்கி நின்றார். வண்டியை விட்டுவிட்டு வெளியே வந்த ஒரு கிராமத்துக்காரர், கூட வந்த மனைவியைக் காட்டி, இவளுக்கு முழங்கால் வலி, பூ மார்க்கெட் இங்கேயிருந்து தூரமா என்று கேட்டார்.

பாஸ்கல் அந்த போர்டைப் பார்த்தார்.

"தூரந்தான்" என்றார். "ரொம்பத் தூரம்."