மருதமுத்து மறைத்து வைத்த மெட்டு

காஜா பெராங்கில் மருதமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் நம்பிய ஆள் ஒருவரைக் காட்டு என்றால்தான் கஷ்டம். அரசாங்க ஆபீசில் பியூன் வேலை, வீட்டுக்கு வந்தால் ஆர்மோனியம். கடையில் வாங்கிய உப்பைக்கூட வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாடகக் கோஷ்டி அவர் மெட்டைக் கேட்டுவிட்டுப் போய் வேறொருவன் பெயரில் மேடையேற்றிவிட்டது. அன்றிலிருந்து சூடு கண்ட பூனைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலையில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜா அவரைத் தேடி வந்தார். ஹாஜாவுக்குப் பாட்டெழுதும் பித்து. புதிதாக ஒரு டேப் ரிக்கார்டரும் வாங்கியிருந்தார்.

"அண்ணே, மெர்டேக்காவுக்கு, சொதந்திர நாளுக்கு, விழா வைக்கிறாங்க லா. நீங்க மெட்டுப் போடுங்க, நான் வார்த்த போடுறேன். வெள்ளிக்கிழம நான் ஜும்மாவுக்குப் போற நேரம் கட பூட்டித்தான் கெடக்கும். ஒங்க ஆபீசுக்கும் அப்ப ஜும்மா இடைவேள. மாடியில ஒக்காந்து, வந்த வரைக்கும் பதிஞ்சுட்டுப் போங்க. நான் கேட்டு எழுதி, அதுக்குப் பின்னாலயே பாடி வைக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சாவியையும் கையில் கொடுத்தார்.

அந்தச் சாவிதான் வினை. "சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கடையையே நம்பிக் குடுக்கிறான்னா, அதவிடப் பெருசா எதையோ எடுக்கப் போறான்," என்றார் மருதமுத்து வீட்டில்.

"ஒங்க மெட்ட வச்சுக்கிட்டு சீலையா நெய்யப் போறாரு?" என்றாள் மனைவி அஞ்சலை.

நான்கு வெள்ளிக்கிழமைகள் போனார். சத்தம் விழக்கூடாதென்று விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்துக் கொட்ட வாசித்தார். போகும்போதெல்லாம் போன வார மெட்டுக்கு ஹாஜாவின் வார்த்தைகள் நாடாவில் காத்திருக்கும். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியிருக்கும். அதைக் கேட்டும் அவருக்குப் பயம்தான். இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறவன் எடுத்துக்கொள்ளவும் செய்வான்.

கடைசி அடிக்கு ஒரு மெட்டு வந்திருந்தது. அதுவரை தணிந்தே நடந்த பாட்டு அங்கே மேல் ஸ்தாயிக்கு ஏறி நிற்கும். வீட்டில் வாசித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அதை நாடாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பதிலுக்கு நாலு ஸ்வரத்தைச் சுற்றிவரும் ஒரு சப்பை மெட்டைப் பதிந்துவிட்டு வந்தார். மேடையில் தன் பெயரைச் சொல்லாமல் விட்டால், நிஜ மெட்டை வாசித்துக் காட்டி ஹாஜாவின் குட்டை உடைப்பது என்று திட்டம். சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை.

மெர்டேக்கா அன்று சாயங்காலம் பாடாங் திடலில் நல்ல கூட்டம். நாடாவைக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்த பாடகி விஜயா பாட நின்றாள். ஆர்மோனியத்தில் மருதமுத்து. ஹாஜா மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டுக்கு மெட்டு மருதமுத்து அண்ணன். உசுரு அவரோடது. நான் வார்த்தையக் கோத்தவன், அவ்வளவுதான்."

கைதட்டல் எழுந்தது. மருதமுத்துவால் இனி எதையும் மாற்ற முடியாது. விஜயாவுக்குத் தெரிந்தது சப்பை மெட்டு மட்டுமே. பாட்டு அடிக்கு அடி கூட்டத்தை இழுத்துக்கொண்டு போனது. கடைசி அடியில் படுத்துவிட்டது. அதை அவர் விரல்களே வாசித்தன. ஜனங்கள் மரியாதைக்குத் தட்டினார்கள். அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

மேடைக்குப் பின்னால் ஹாஜா மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கடைசி அடி எனக்கும் கொஞ்சம் மந்தமாத்தான் பட்டுச்சு. விஜயாகூட மாத்திப் பாடட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் விடல. அண்ணன் மெட்டுல நாம கைய வைக்கிறதா? அவரு யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாருன்னுட்டேன்."

"ஆமா பாய். யோசிச்சுத்தான் பண்ணுனேன்," என்றார் மருதமுத்து.

அதன்பின் இருபது வருஷம் இருவரும் சேர்ந்து பாட்டுப் போட்டார்கள். மறைத்து வைத்த அந்த மெட்டை மட்டும் மருதமுத்து ஒருநாளும் வாசிக்கவில்லை. வாசித்தால், இது அன்றைக்கு எங்கே இருந்தது என்று ஹாஜா கேட்பார்.