மணமேடையில் மறுத்த பேரிளவரசி

வர்வாரா ஃபியோதரவ்னாவின் திருமண உடையில் முதுகுப் பக்கம் முப்பத்திரண்டு கொக்கிகள் இருந்தன. அத்தனையையும் மாட்டிவிட்டவள் நான்தான். அதனால் அன்றைய நாளைப் பற்றி மற்றவர்கள் கதை கட்டும்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். யாரோ ஒரு குதிரைப்படை அதிகாரியோடு தொடர்பு என்றார்கள். இரண்டும் பொய்.

என் பெயர் உஸ்தீன்யா. பதினான்கு வயதில் பீட்டர்ஸ்பர்க்கில் அவளுடைய தந்தையின் மாளிகைக்கு வேலைக்காரியாக வந்தேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று. ஜாருக்குச் சித்தப்பா மகள் என்பதால் பிறக்கும்போதே பேரிளவரசி என்ற பட்டம் அவளுக்கு இருந்தது. என்னைவிட ஒரு சாண் உயரம், அகன்ற தோள், வண்டியோட்டியின் கைகளைப் போலப் பெரிய கைகள். அந்தக் கைகள் வெளியே தெரியக்கூடாது என்று அத்தைமார்கள் எந்நேரமும் கையுறை போடச் சொல்வார்கள். அவள் அதைக் கழற்றிப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுவாள். தோண்டியெடுத்துத் துவைப்பது என் வேலை.

நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே தன் தாய் இறந்த விதத்தை எனக்குச் சொன்னாள். இரண்டாவது பிரசவம். இவளுக்குப் பதினோரு வயது. அடுப்புக்குப் பின்னால் இருந்த திரைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தாளாம்.

“ஆறு டாக்டருங்க உஸ்த்யா. ஆறு பேரும் பக்கத்து அறையில நின்னு பேசிட்டு இருந்தாங்க. அரச குடும்பத்துப் பொண்ணை முதல்ல யார் தொடுறதுன்னு முடிவாகல. முடிவாகும்போது அம்மா இல்ல.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் இருந்த கோபத்துக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டு வயதானதும் மருத்துவச்சிப் பள்ளியில் சேரப் போவதாக உணவு மேசையில் தந்தையிடம் சொன்னாள். பேரிளவரசர் ஃபியோதர் சிரித்தார். அவர் சிரித்ததால் மேசையைச் சுற்றியிருந்த இருபது பேரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டே எகோன் என்ற ஜெர்மானிய இளவரசனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மீசையைச் சீப்பால் வாரிக்கொள்ளும் ஒழுங்கான மனிதன். திருமணத்துக்கு முன் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மணமகள் தன்னோடு கொண்டுவரக் கூடாதவை மூன்று: பிரசவம் பற்றிய புத்தகங்கள், அவளுடைய நாய், அந்த வேலைக்காரி. மூன்றாவது நான்.

தனக்கு இந்தத் திருமணம் வேண்டாம் என்று அவள் தந்தையிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை நான் அறையில் இருந்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

“உன்னை யாரு கேட்டா?”

“கோயில்ல கேப்பாங்கப்பா,” என்றாள் அவள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நானும் அதன் பொருளை அப்போது புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் சடங்கில் மணமக்களின் தலைக்கு மேல் கிரீடம் பிடிப்பதற்கு முன், பாதிரியார் இருவரையும் ஒரு கேள்வி கேட்பார். யாருடைய கட்டாயமும் இல்லாமல், சொந்த விருப்பத்தோடு, எதிரே நிற்பவரை ஏற்க வந்திருக்கிறாயா? எல்லோரும் ஆம் என்பார்கள். கூலிக்காரன் மகளும் சரி, அரச குடும்பத்துப் பெண்ணும் சரி, அது கேட்க வேண்டிய கேள்வி, சொல்ல வேண்டிய பதில். எகோன் தனக்குப் புரியாத பழைய மொழியில் மனப்பாடம் செய்த பதிலைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். பாதிரியார் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இல்லை சாமி,” என்றாள்.

அவர் வயதானவர். தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்டார். அவள் இந்த முறை கடைசி வரிசையில் நின்ற எனக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்குச் சம்மதமில்லை. வீட்ல மூணு தடவை சொன்னேன். என்னைக் கேட்டது நீங்க மட்டுந்தான். அதுக்கு உங்களுக்கு நன்றி.”

பாடகர் குழுவுக்கு விஷயம் எட்டவில்லை. அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பாதிரியார் புத்தகத்தை மூடினார். அந்தப் பதிலுக்குப் பிறகு கிரீடத்தைத் தூக்க அவருக்கு உரிமையில்லை. அது அங்கே இருந்த தளபதிகளுக்கும் தெரியும், அமைச்சர்களுக்கும் தெரியும். பேரிளவரசர் ஃபியோதர் மகளைப் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அதற்குப் பின் பதினைந்து ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். மகளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவள் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவருக்கு எழுதினாள்.

பத்து நாளில் அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. வோல்காவின் மேற்கரையில் இருக்கும் ஸ்தாரி ப்ரோத் என்ற சிற்றூரில் வசிக்க வேண்டும்; ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கண்காணிக்க கர்னல் த்ரோஷின் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி கூடவே வந்தார். நாயும் புத்தகங்களும் நானும் அவளோடு போனோம்.

பாவம் கர்னல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளைப் பற்றித் தலைநகருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவருக்கோ எழுத்து வராது. மை தொட்ட பேனாவோடு அரை மணி நேரம் வியர்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவளே சொல்லச் சொல்ல அவர் எழுதுவார்.

“எழுதுங்க கர்னல். பேரிளவரசி நலமாக இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். இந்த முறையும் திருந்தவில்லை.”

“திருந்தலைன்னு நான் எப்படி எழுதுறது அம்மணி?”

“அப்ப திருந்திட்டேன்னு எழுதுங்க. ஆள் அனுப்பிப் பார்ப்பாங்க. பொய் சொன்னதுக்கு உங்களைத்தான் பிடிப்பாங்க.”

அவர் ‘திருந்தவில்லை’ என்றே எழுதினார். பதினான்கு ஆண்டுகளும் அப்படித்தான் எழுதினார்.

ஊர் ஆஸ்பத்திரியில் கபித்தோலினா என்ற மருத்துவச்சி இருந்தாள். அவள் போகும் பிரசவங்களுக்கெல்லாம் வர்வாராவும் கூடப் போனாள். மூன்றாம் ஆண்டு மாகாணத் தேர்வாளர்கள் ஊருக்கு வந்தபோது, தேர்வு எழுத வரிசையில் போய் நின்றாள். அரச குடும்பத்தவர் கூலிக்கு வேலை செய்வது முறையல்ல என்று ஆளுநர் தடை சொல்லி அனுப்பினார். அப்படியானால் கூலி வாங்காமல் செய்வேன், அதற்குத் தடை இருந்தால் காட்டுங்கள் என்று பதில் எழுதினாள். ஆளுநரிடம் அப்படியொரு சட்டம் இல்லை. சான்றிதழ் வந்துவிட்டது.

ஆனால் பெண்கள் வரவில்லை. அதுதான் அவளை மிகவும் வாட்டியது. எங்கள் பக்கத்தில் குளியல் குடிசையில்தான் பிள்ளை பெறுவார்கள்; புகையும் ஈரமுமாக இருக்கும், வலியில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார்கள். ஜாரின் தங்கை முன்னால் யார் அப்படிக் கிடப்பது? முதலில் அவளிடம் மாட்டியவள் மார்ஃபா என்ற மீனவன் மனைவி. கபித்தோலினா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள், வேறு வழியில்லை. மார்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் கிடந்தாள். வர்வாரா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன்டி வாயை மூடிட்டு இருக்க?”

“உங்க முன்னாடி எப்படிங்க மகாராணி கத்துறது?”

“நான் முதல்ல கத்துறேன். நீ பின்னாலேயே வா.”

கத்தினாள். வெளியே நின்ற மார்ஃபாவின் கணவன் கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே போட்டுவிட்டான். உள்ளே மார்ஃபாவுக்கு வலியோடு சிரிப்பும் வந்தது. பிறகு அவளும் ஊரே கேட்கக் கத்தினாள். பெண் குழந்தை. அன்று முதல் யாரும் மகாராணி என்று கூப்பிடவில்லை. தந்தை பெயரை மட்டும் சொல்லி, ஃபியோதரவ்னா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பிடித்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஞானஸ்நான விருந்தில் குழந்தையின் தகப்பனுக்கு மருத்துவச்சி ஒரு கரண்டி கஞ்சி ஊட்டுவாள். அதில் உப்பும் மிளகும் கடுகும் அள்ளிப் போட்டிருக்கும். மனைவி பட்டதில் ஒரு துளி உனக்கும் தெரியட்டும் என்று அர்த்தம். மரவியாபாரி ஒருவரின் மகன், இதெல்லாம் குடியானவர்கள் பழக்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி இரண்டு நாள் துடித்துப் பிள்ளை பெற்றிருந்தாள். வர்வாரா கரண்டியை நீட்டியபடி நின்றாள். விருந்தினர் சாப்பிடாமல் காத்திருந்தார்கள், சூப் ஆறிப்போனது. கால் மணி நேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான். கண்ணில் நீர் வழிய விழுங்கினான்.

பிறகு போர் வந்தது. அதன் பின்னால் புரட்சி வந்தது. ஜார் இறங்கிய சேதி வந்தபோது கர்னல் தன் கடைசி அறிக்கையை வைத்துக்கொண்டு, இதை யாருக்கு அனுப்புவது என்று கேட்டார். எங்களிடமே கொடுங்கள் என்றோம். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. எங்களுக்கு விறகு பிளந்துகொண்டு இருந்துவிட்டார்.

1918 கோடையில் ஊரின் புதிய அதிகாரி ஷெர்னோவ் எங்கள் வீட்டுக்கு வந்தான். முன்பு மர ஆலையில் வேலை செய்தவன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான்.

“குடிமகளே, உங்க கதை ஊருக்கே தெரியும். கட்டாயக் கல்யாணம், பதினஞ்சு வருஷக் காவல். மேடையில ஏறி அதை உங்க வாயால சொல்லுங்க. அந்தக் குடும்பமே ஒழியணும்னு கடைசியா ஒரு வார்த்தை. மறுநாளே ஆஸ்பத்திரி உங்க பொறுப்பு.”

அவள் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“எங்கப்பா என்னை விரட்டினாரு. அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. இப்ப அவரு ஜெயில்ல இருக்காரு. ஜெயில்ல இருக்கிற கிழவனைத் திட்ட ஆள் வேணும்னா வேற இடம் பாருங்க.”

“அவங்க உங்களை ஒரு மனுஷியாவே மதிக்கலையே.”

“நீங்க மதிக்கிறீங்களா?”

“மதிக்கிறதாலதான் வந்து கேக்குறேன்.”

“அப்ப நான் மாட்டேன்னு சொன்னா எழுந்து போகணும்.”

அவன் எழுந்து போனான். மறுநாள் அவளைக் கைது செய்ய இரண்டு சிப்பாய்களோடு வந்தான். என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். என்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றான். அவன் பூட்ஸின்மேல் துப்பினேன்.

“இப்ப இருக்கா?” என்று கேட்டேன்.

பழைய மதுக்கிடங்கைச் சிறையாக்கியிருந்தார்கள். எங்கள் அறையில் பதினொரு பெண்கள். வணிகர்களின் மனைவிகள், ஒரு ஆசிரியை, மாவு திருடிய இரண்டு பேர். நாளுக்கு ஒரு துண்டு கருப்பு ரொட்டி, மீன் தலை மிதக்கும் வெந்நீர். வர்வாரா தினமும் காலையில் எல்லோரையும் எழுப்பி அறைக்குள் ஐம்பது சுற்று நடக்க வைப்பாள். முணுமுணுத்துக்கொண்டே நடப்போம்.

ஜனவரியில் ஒருநாள் ரொட்டி சுற்றி வந்த செய்தித்தாளில் அவள் தந்தையின் பெயர் இருந்தது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பட்டியல். அவள் அதை இரண்டு முறை படித்தாள். காவலனைக் கூப்பிட்டு, ஒரு பாதிரியார் வேண்டும் என்றாள். அப்படியெல்லாம் இனி யாரும் வரமாட்டார்கள் என்றான் அவன். அவள் சுவரைப் பார்த்து நின்று, இறந்தவர்களுக்கான ஜெபத்தைத் தானே சொல்லத் தொடங்கினாள். சத்தம் போடாதே என்று காவலன் கதவை உதைத்தான். அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். முதலில் எழுந்து நின்றவள் மாவு திருடியவர்களில் ஒருத்தி. பிறகு நாங்கள் எல்லோரும் நின்றோம். அன்றுதான், இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, அவள் அழுததைப் பார்த்தேன்.

பிப்ரவரியில் டைபஸ் காய்ச்சல் ஊருக்குள் நுழைந்தது. டாக்டர் இறந்தார். கபித்தோலினாவும் இறந்தாள். ஷெர்னோவ் ஒரு தாளோடு சிறைக்கு வந்தான். முன்பு கேட்டது போன்ற வாசகம்தான்; கையெழுத்துப் போட்டால் போதும், வெளியே போகலாம் என்றான்.

“எதுக்கு வந்திருக்கீங்க? பிரசவம் பார்க்க ஆள் வேணுமா, கையெழுத்து வேணுமா?”

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

“கையெழுத்துக் கிடைக்காது. ஆளுக்கு நான் இருக்கேன். வண்டி இருக்கான்னு சொல்லுங்க.”

ஷெர்னோவ் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். வாசலில் பனிச்சறுக்கு வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. அவளோடு நானும் ஏறிக்கொண்டேன்.

அவள் தப்பியோடாமல் இருக்க, துப்பாக்கியோடு ஒரு காவலனை எங்களோடு அனுப்பினார்கள். குளியல் குடிசைக்குள்ளும் வரவேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. முதல் பிரசவமே கால் முன்னால் வந்த குழந்தை. துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வந்து வெந்நீர் ஊற்றச் சொன்னாள்; ஊற்றினான். சற்று நேரத்தில் வெளியே ஓடிப்போய்ப் பனியில் உட்கார்ந்துகொண்டான். அதன் பின் உள்ளே வரவே இல்லை. ஒரு மாதத்தில் கூட வருவதும் நின்றுபோனது. யாரும் அவளை விடுதலை செய்ததாக அறிவிக்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் அப்படியே வேலை செய்தாள். 1922 மார்ச்சில், பஞ்சத்துக்குப் பயந்து ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்த ஏழைகள் தங்கியிருந்த கொட்டகையில் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்தாள். தாய்க்கு டைபஸ். குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். வர்வாராவுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் கிடந்தாள். கடைசி நாள் காலையிலும், நாடி பார்த்த கம்பவுண்டரிடம் தப்பாக எண்ணுகிறாய் என்று சண்டை போட்டாள். அவன் மறுபடி எண்ணினான். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்பது.

இறப்பைப் பதிவு செய்ய நானும் கர்னலும் போனோம். குமாஸ்தா ஊருக்குப் புதியவன். தொழில் என்று கேட்டான். மருத்துவச்சி என்றேன். பிறப்பு, குலம் என்று கேட்டான்.

“பேரிளவரசி,” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். “அதெல்லாம் இப்ப எழுதக் கூடாதும்மா. குடிமகள்னு போட்டுடறேன். உங்களுக்கும் நல்லது.”

“எனக்கு எது நல்லதுன்னு உன்னைக் கேக்கலை.”

“சரி, முன்னாள்னு ஒரு வார்த்தை சேர்க்கலாமா?”

“முன்னாள் இல்ல. நேத்து சாகுற வரைக்கும் அதுதான்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் நாலைந்து பேராவது அவள் கையில் பிறந்த பிள்ளைகளின் தாய்மார்கள். கர்னல் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்தேன். எழுதும்வரை போகமாட்டேன் என்பது குமாஸ்தாவுக்குப் புரிய வெகு நேரம் ஆகவில்லை. எழுதினான்; மையை ஒற்றிவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. அதையும் திருத்தச் சொன்னேன்.