பதினொரு அர்த்தங்களும் நான்கு கொலூச்சேக்களும்

அக்தர் கானும் (‘கானும்’ என்றால் அம்மாள்) ஈரானின் ரஷ்த் நகரத் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். அவருக்கு ஆங்கிலம் காது வழியாக வந்தது. கடல் தாண்டிப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கொலூச்சே என்னும் வால்நட் பூரணம் வைத்த பிஸ்கட் சுட்டு விற்கும் கடையின் மாடியில் அறை பிடித்து மாலை வகுப்பு நடத்தினார். கீழே அடுப்பு எரியும்போது வால்நட்டும் ஏலமும் வேகும் வாசனை படியேறி வரும்.

‘டேக் ஆஃப்’ என்ற இரண்டு சொற்கள்தான் அவர் வகுப்பில் முதல் பாடம். செருப்பைக் கழற்றுவதும் அதுதான். விமானம் தரையை விட்டு எழுவதும் அதுதான். விலையைக் குறைப்பது, லீவு போடுவது, ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது, சொல்லாமல் நழுவுவது, வியாபாரம் சூடு பிடிப்பது எல்லாம் அதுவே. பாரசீகத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. கடையில் விற்கும் கையேடுகள் பதினொரு அர்த்தங்களை வரிசையாக அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். பேச வேண்டிய நேரத்தில் பதினொன்றும் ஒன்றாக முட்டிக்கொண்டு ஒன்றுகூட வெளியே வராது.

அதனால் அக்தர் கானும் அர்த்தங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டார். தன் பங்கை வைத்து, அந்த வாரம் உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன்கடை ஈரஜுக்கு விலைக் குறைப்பு. அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்த நஸ்தரனுக்கு லீவு.

“ஒரு அம்மாவுக்கு வெள்ளை மீன்ல கொஞ்சம் குறைச்சேன் டீச்சர்,” என்பார் ஈரஜ். “அப்படியே மீசையையும் குறைச்சுக்கோன்னுட்டுப் போறாங்க.”

“எனக்குத்தான் லீவே கிடைக்கலையே,” என்பாள் நஸ்தரன். “உண்மைக்கு நான் எங்க போவேன்?”

சிரிப்பு அடங்கியதும் அவள் வேறொரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்வாள். பதினொரு அர்த்தங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். ஆனாலும் தெஹ்ரானில் நடந்த பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. ஈரானிய மெஹ்ர் மாதக் கடைசிக்குள் தேறினால்தான் அந்த வேலை. மூன்றாவது தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

“பரீட்சை ரூம்ல என்ன நடக்குது, நஸ்தரன் ஜான்?” என்று செல்லமாகக் கேட்டார் அக்தர் கானும்.

“ரெண்டு பேரா உக்கார வைப்பாங்க. ஒரு படத்தைக் கொடுத்து, மூணு நிமிஷம் நீங்களே பேசிக்கோங்கம்பாங்க. ரெண்டு தடவையும் கூட இருந்தவங்க ரொம்ப நல்லவங்க டீச்சர்.”

அக்தர் கானும் ஈரஜை அவள் எதிரில் உட்கார வைத்தார். ஒரு விமான நிலையப் படத்தை நடுவில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளின் நேரத்தைக் குறித்துவந்த பழக்கம்.

நஸ்தரன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். “நீங்க முதல்ல சொல்லுங்க.”

“ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க சொல்லுங்க.”

“வயசுல பெரியவங்க நீங்க.”

“படிச்சவங்க நீங்க. நான் மீன்காரன்.”

இலக்கணம் சுத்தமாக இருந்தது. மூன்று நிமிடம் முடிந்தபோது விமானம் தரையிலேயே நின்றது.

“ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் உபசாரம்,” என்றார் அக்தர் கானும். “மிச்சம் ஐம்பதும் அதுக்கு நன்றி சொன்னது. அந்தக் காலத்துல லண்டன் பார்ட்டி பத்து செகண்ட்ல போனை வெச்சுடுவான். நம்ம ஆளு ‘உங்க நிழல் குறையக்கூடாது’ன்னு உபசாரம் சொல்லி வெறும் காத்தோட பேசிட்டிருப்பான்.”

மறுநாள் அவர் கீழேயிருந்து சுடச்சுடக் கொலூச்சே வாங்கி வந்தார். வகுப்பில் ஆறு பேர். தட்டில் நான்குதான் இருந்தது. எடுக்கிறவர் உடனே தன் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், எடுக்காதவர் வாய் திறக்கக் கூடாது என்றார். தட்டு ஒரு சுற்று வந்தது. நான்கும் அப்படியே இருந்தன. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. தேநீர் ஆறிப்போனது.

“பசியில்ல டீச்சர்,” என்றாள் நஸ்தரன். அன்று அவள் மதியம் சாப்பிடாமல் வந்திருந்தது எல்லாருக்கும் தெரியும்.

“அப்ப அயர்லாந்துலயும் பசிக்காது,” என்றார் அக்தர் கானும்.

நஸ்தரனின் காது சிவந்தது. ஈரஜ் கை நீட்டுவது போலிருந்தது; அதற்குள் அவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். வாயில் மாவோடு, “எட்டு மாசமா நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கல,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டாவதையும் எடுத்தாள். “தேறினா, முதல் வேலையா எடுப்பேன்.”

அதன்பிறகு ஏழு மாலைகளிலும் தட்டு வந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அவள் தட்டு தன்னிடம் வரும்வரை காத்திருக்கவில்லை. ஒருமுறை ஈரஜ் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, அவர் பங்கான விலைக் குறைப்பையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். ஈரஜ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, “இனி என் கடையையும் நீங்களே பாத்துக்கோங்க,” என்றார்.

நஸ்தரன் தேறினாள். தேர்வில் அவளோடு உட்கார்ந்த பெண் மூன்று நிமிடத்தில் நான்கு வாக்கியம்தான் பேசினாளாம். இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று அக்தர் கானுமுக்குப் பிடிபடவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, நல்ல செய்திக்கு இனிப்பு கொடுக்க அவள் ஒரு பெட்டியோடு மாடியேறி வந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கொலூச்சே. பெட்டி மூடியில் ஆவி படிந்திருந்தது.

“எடுத்துக்கோங்க டீச்சர்.”

“வேண்டாம் ஜான், உன் கையால வந்ததே போதும்,” என்றார் அக்தர் கானும். இன்னும் இரண்டு முறையாவது வற்புறுத்துவாள் என்று தேநீர்க் கோப்பையை நகர்த்தி இடம் செய்தார்.

“சரி டீச்சர்,” என்றாள் நஸ்தரன். பெட்டியை மூடிக் கயிற்றைக் கட்டினாள். அவர் கன்னத்தில் முத்தமிட்டு, ஆஸ்பத்திரியில் இன்னும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் படியிறங்கினாள்.

அக்தர் கானும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடிகூட ஆகியிருக்கவில்லை. சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு தேநீரைக் குடித்தார்.