முகத்துக்கு நேர் கட்சியின் செய்தித் தொடர்பாளர்

மெத்தைக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் 'புகார் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் யார்மேலும் புகார் சொன்னதில்லை. புகாரைக் கேட்டுக்கொள்வதுதான் அவள் வேலை. கேட்டை ஒட்டிய சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு போன், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலி. ஊரில் எவர் வீட்டு மெத்தை நடுவில் குழி விழுந்தாலும், தையல் பிரிந்தாலும் அந்தப் போன் அடிக்கும். எடுத்ததும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"ஆமாங்க. தப்பு எங்களோடதுதான். மாத்திக் குடுத்துடறோம்."

வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

வாடிக்கையாளரிடம் வாதம் கூடாது, மறுப்பு கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். ஆனால் அவருக்கே அந்த வார்த்தைகள் வராது. மனதில் பட்டதைப் போட்டு உடைக்கிற வாய் அவருக்கு. வங்கி மேனேஜரிலிருந்து சொந்த மைத்துனர் வரைக்கும் அதில் அடிபடாதவர் கிடையாது. சொன்னதைத் திரும்ப வாங்குவது அவர் பரம்பரையிலேயே இல்லை. ஆகவே, மன்னிப்புக் கேட்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஒருத்தியை வைத்திருந்தார். அவளுடைய புருஷன் பஸ் டிரைவர். அவர் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். மகளின் நர்சிங் படிப்பு இவள் சம்பளத்தில்தான் நின்றது. மன்னிப்புக் கேட்கச் சம்பளம் தருகிற இன்னொரு இடம் அந்த ஊரில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கம்பெனி வாசலில் இருந்த பள்ளத்தில் முதலாளியின் கார் இறங்கி, ஏற மறுத்த அன்று நாட்டுக்கு ஒரு புதிய கட்சி பிறந்தது. வேடிக்கை பார்க்க வந்த டிவிக்காரர் மைக்கை நீட்ட, "இவனுங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே கட்சி ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னதைத் திரும்ப வாங்கத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? ஆரம்பித்தார். பெயர், முகத்துக்கு நேர் மக்கள் கட்சி.

பதவிகளைப் பிரிப்பதில் பூசல் ஏதும் எழவில்லை. தையல் பிரிவு அப்படியே மகளிர் அணியானது. பேக்கிங் மேஸ்திரி அமைப்புச் செயலாளர். வாட்ச்மேன் தாத்தாவுக்கு இளைஞர் அணி. பகல் முழுக்க ஓய்வாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"போன் உங்கிட்டதானே இருக்கு? நீதான் செய்தித் தொடர்பாளர்" என்றார் முதலாளி இவளிடம்.

"எனக்கு அரசியல் தெரியாதுங்க முதலாளி."

"எனக்கு மட்டும் தெரியுமா? போய் உட்காரு."

மறுத்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.

முதல் பொதுக்கூட்டத்திலேயே தலைவர் முழங்கினார். "பஸ் ஓட்டறவங்க எல்லாரும் தூங்கிக்கிட்டேதான் ஓட்டறாங்க. தூக்கத்தைப் பத்தி மெத்தை விக்கறவனுக்குத் தெரியாதா?" கூட்டத்தில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள், கைதட்டினார்கள். மீதிப் பேர் பஸ்ஸுக்காக நின்றவர்கள். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வீட்டில் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "உங்க தலைவர் நான் தூங்கறேன்னு சொன்னாராமே?"

"உங்களைச் சொல்லலைங்க. பொதுவா சொன்னாரு."

"நான் பொதுவா தூங்கறேனா?"

மறுநாள் காலையில் போன் அடித்தது. பேசியவர் ஒரு நிருபர். "டிரைவர்களைத் தலைவர் அப்படிப் பேசினது சரியாம்மா?"

ரிசீவர் காதில் பட்டால் வாய் தானாக ஓடுகிற பழக்கம் அவளுக்கு.

"ஆமாங்க. தப்பு எங்களோடதுதான். மாத்திக் குடுத்துடறோம்."

நிருபர் விடவில்லை. "எதை மாத்துவீங்க?"

"எது பழுதோ அதை. முழுசாவே மாத்திடுவோங்க."

"தலைவரையா?"

"உருப்படி எதுவா இருந்தாலும் சரிங்க."

'தலைவர் பழுது, முழுதாக மாற்றித் தரப்படும்' என்று மதியச் செய்தியில் வந்தது. மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"நான் அப்படிப் பேசவே இல்லைன்னு எல்லாருக்கும் போன் போட்டு மறுத்துடு. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

அவள் ரிசீவரை எடுத்தாள். 'இல்லைங்க' என்று ஆரம்பிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் சொல்லாத வார்த்தை அது. 'இ'யோடு நின்றுவிட்டது. மகளின் கடைசி வருஷக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். எதிர்முனையில், "ஹலோ, யாருங்க?" என்றார்கள். "ஆமாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் வெளியே ஹாரன் சத்தம். பஸ்கள் வரிசையாக நின்றன; ஒவ்வொன்றிலிருந்தும் மெத்தை இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றித் தருவதாகக் கட்சியே சொல்லிவிட்ட பிறகு டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசையின் தலைமாட்டில், தங்கள் வீட்டு மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் புருஷன்.

"என்னங்க குறை?" என்றாள், வேலை வேலைதான் என்பதால்.

"இதுல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குதுங்க மேடம். பஸ்ஸுல போய்த் தூங்க வேண்டியிருக்கு."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. மேஸ்திரி அவளருகே வந்து, "அக்கா, உள்ளே எடுத்து வெக்கவா, திருப்பி அனுப்பவா?" என்று கிசுகிசுத்தார்.

அவள் மாடி ஏறினாள். முதலாளி ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"எல்லாத்தையுமா மாத்தணும்?"

"உங்க சட்டம் அப்படிங்க. இல்லைன்னா நீங்களே கீழே வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போயிடுவாங்க."

முதலாளி வாயைத் திறந்தார். "த..." என்று தொடங்கியது இருமலாகப் போய்விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்று பார்த்தார். "எனக்கு வராது" என்றார், வாழ்க்கையில் முதன்முறையாகத் தணிந்த குரலில்.

"அப்ப கட்சியைத் திரும்ப எடுத்துக்கலாங்க. மெத்தையைவிட அது லேசு."

அவர் ஜன்னலைச் சாத்தினார். "நீயே சொல்லிடு."

அவள் நகரவில்லை. "என் வேலைங்க?"

"உன்னை அனுப்பிட்டா, ஏன் அனுப்பினேன்னு நாலு பேர் கேப்பாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது? போ, போய் உட்காரு."

அவள் கீழே வந்து, தையல் பிரிவின் ஸ்டூலில் ஏறி நின்றாள். "கட்சியில குறை இருந்துச்சுங்க. திரும்ப எடுத்துக்கறோம். பதிலுக்குக் குடுக்க வேற கட்சி ஸ்டாக்ல இல்லை, மன்னிச்சுக்கோங்க."

பிறந்த வருஷத்துக் காலண்டரில் பாதித் தாள்கூடக் கிழியாத கட்சி, அத்துடன் முடிந்தது. இளைஞர் அணித் தலைவர் கேட்டைத் திறந்துவிட்டார். டிரைவர்கள் கைதட்டிவிட்டு, மெத்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். புருஷன் மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

"நீங்க போகலையா?"

"என்னோடது நிஜமாவே குழிம்மா" என்றார்.