மாதத்தில் ஒரு நாள்

ஸ்டெல்லா, வயலின், செல்லோ போன்ற கருவிகளுக்கு இசை எழுதுகிறவள். கருமத்தம்பட்டியில் அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் குமாரசாமியின் பத்து விசைத்தறிகள் ஓடும். ஆர்.எஸ்.புரத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே திரும்பினால் அந்தச் சத்தம்தான் வரவேற்கும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். ஊரே திட்டும், அவள் லீவு போட்டுவிட்டு எழுத உட்காருவாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி எழுதி முடித்தவை ஏழு. மேடையேறியவை இரண்டே இரண்டு.

இந்த வருடம் தறிக்காரர்கள், நூல் கொடுத்து நெய்து வாங்கும் ஜவுளி முதலாளிகளிடம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பது நாள் நிசப்தம். ஆசையாகக் காகிதத்தை விரித்தவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. தறிகளை விற்றுவிடலாமா என்று குமாரசாமியும் மனைவியும் பேசுவது சுவர் வழியே ஒரு சொல் விடாமல் கேட்டது.

வாசலில் பார்த்தபோது குமாரசாமி சிரிக்க முயன்றார்.

"ஏனுங்க அம்மணி, இப்ப நிம்மதியா எழுதறீங்களாட்ட இருக்குது? தறி ஓடுனா மறுபடியும் உங்களுக்குத் தொந்தரவுதானுங்க."

"ஓடட்டுமுங்கண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "எனக்கு மாசத்துல ஒரு நாள் போதுமுங்க."